சீராக வந்த செடி

இலையைத் திருப்பியதுமே கலைமதிக்குத் தெரிந்துவிட்டது. நடு நரம்பை ஒட்டிப் பழுப்பாக, கொள்ளுத் தோல் அளவில் நாலைந்து. நகத்தால் சுரண்டியதும் ஒன்று உரிந்து வந்தது. செதில் பூச்சி. சந்தேகமே இல்லை, மன்னார்புரத்தில் அவள் வீட்டிலிருந்த அதே பூச்சிதான். ஸ்ரீரங்கத்தில் நாத்தனார் யமுனாவின் பால்கனிவரை வந்து, ஜம்மென்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

நர்சரியிலிருந்து வரும் எந்த ஆர்க்கிட்டையும் அவள் உடனே மற்றவற்றோடு வைக்க மாட்டாள். குளியலறை ஜன்னலில் ஒரு மாதம் தனியாக இருக்கவேண்டும். அப்படி இருந்த ஊதாப் பூச்செடியில்தான் இந்தப் பூச்சியைப் பார்த்தாள். "தொடாதீங்க" என்று கணவன் சிவசங்கரிடம் இரண்டு தடவை சொல்லியும் வைத்தாள். வைகாசியில் யமுனாவுக்குக் கிரகப்பிரவேசம். அன்று இவள் குளித்துவிட்டு வருவதற்குள் தொட்டி காரில் ஏறியிருந்தது.

"பூத்திருக்கறது இது ஒண்ணுதானே? அக்கா வீட்டு விசேஷத்துக்கு மொட்டைச் செடியையா தூக்கிட்டுப் போறது?"

போனிலாவது யமுனாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று மறுநாள் கெஞ்சினாள். சீராகக் கொடுத்த பொருளுக்குக் குற்றம் சொன்னால் தாய்வீட்டு மானம் போய்விடுமாம். அதற்கும் அவன் விடவில்லை. இவளும் வாயை மூடிக்கொண்டாள். அது இவள் செய்த தப்பு.

இப்போது நாலு மாதம் கழித்து யமுனா கூப்பிட்டு அனுப்பியிருக்கிறாள்.

"இருபத்திரண்டு தொட்டியும் போச்சு. செடியைப் பாத்தே ஜாதகம் சொல்றவ நீ, உனக்குத் தெரியாமலா கொடுத்தே? எம் பால்கனி அவ்வளவு உறுத்திச்சா?"

கலைமதி கணவனைப் பார்த்தாள். 'அவ வேண்டாம்னுதான் சொன்னா, நான்தான் எடுத்துட்டு வந்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சோபாவில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"எனக்கென்னக்கா தெரியும்? இவ ஒண்ணுமே சொல்லலையே."

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மறுத்துப் பேசினால் புருஷனைப் பொய்யனாக்கியவள் என்ற பெயரும் சேரும்.

"நான் துடைச்சுத் தரேன் அண்ணி" என்றாள்.

ஸ்பிரிட்டில் காது குடையும் பட்ஸை நனைத்து, ஒவ்வொரு இலையாக, அடி, மடிப்பு, தண்டு என்று துடைத்தாள். உள்ளே அக்காவும் தம்பியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வத்தக்குழம்பு மணத்தது. சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. நடுவில் ஏதோ பேச்சுக்கு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

கடைசியாக, யமுனா உயிராக வளர்க்கும் வெள்ளைப் பூச்செடி. அடி இலையின் மடிப்பில் ஒன்றே ஒன்று, நன்றாகத் தடித்து உட்கார்ந்திருந்தது. அந்த ஓட்டுக்கு அடியில் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் இருக்கும். இது ஒன்று தப்பினால் போதும், கொஞ்ச நாளில் இருபத்திரண்டு தொட்டிக்கும் மறுபடி பரவிவிடும். நனைந்த பட்ஸை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"முடிஞ்சுதா?" சிவசங்கர் ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்து நின்றான்.

"முடிஞ்சிருச்சு."

பட்ஸைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு இலையை மெல்ல விட்டாள். அது பழையபடி படிந்துகொண்டது. மேல்பக்கம் வெயிலில் பளபளவென்று சுத்தமாக இருந்தது.