கேரலின் மூன்று டோஸ்

காலை எட்டரைக்கு சூப்பரின்டெண்ட் அறையில் இருந்தவர்கள்: சூப்பரின்டெண்ட் டாக்டர் நஞ்சுண்டசாமி; நோய்த்தொற்றுத் தடுப்பைக் கவனிக்கும் மரியபுஷ்பம் சிஸ்டர்; பிரசவ வார்டு நர்ஸ் கேரல், ஆள்காட்டி விரலில் பஞ்சோடு; அதே வார்டில் நைட் டியூட்டி முடித்த ஆண் நர்ஸ் நான்; கதவருகே செக்யூரிட்டி சித்தையன்.

நஞ்சன்கூட்டிலிருந்து வந்து ஆறு மணிக்குப் பிள்ளை பெற்றவளுக்கு ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி, கல்லீரலைக் கெடுக்கும் கிருமி. அவளுக்குப் போட்ட ஊசி கேரலின் விரலில் ஏறிவிட்டது. குழந்தைக்கு உடனே தடுப்பூசியும், கூடவே கிருமியை உடனே தடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் கொடுத்தாகிவிட்டது. விரலைக் கழுவிவிட்டு வந்து இரண்டையும் போட்டவள் கேரல்தான்.

இப்போது அவளுக்கும் அந்த இம்யூனோகுளோபுலின் வேண்டும். ஒரு நாளுக்குள்.

"எதுக்கும்மா?" மரியபுஷ்பம் அவளுடைய கார்டை நீட்டினார். "மூணு டோஸும் போட்டிருக்கே. ரத்தத்த டெஸ்டுக்கு அனுப்பறேன். மூணு நாள்ல தெரிஞ்சிடும்."

கேரல் என்னைப் பார்த்தாள்.

கார்டில் இருந்தது என் கையெழுத்து. போன வருடம் தரச்சான்றிதழுக்காக ஆய்வு வருகிறது என்று ஊழியர்களுக்குத் தடுப்பூசி போடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எங்கள் வார்டில் ஏழு பேர் ஊசிக்குக் கையைக் காட்டவில்லை.

"தினம் இந்த ரத்தத்துலதான் குளிக்கறோம். நமக்கு என்ன புதுசா வரும்?" என்றாள் கூட வேலை செய்யும் நர்ஸ் அஷ்வினி.

"கல்யாணம் முடியட்டும் அண்ணா. இப்ப காய்ச்சல் வந்தா லீவு உங்க தாத்தாவா தருவாரு?" என்றாள் கேரல். குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்னும் தாய்மாரை அவளைப் போல மிரட்ட வார்டில் ஆளில்லை.

மூன்று முறையும் சிரித்துக்கொண்டே மருந்தை சிங்க்கில் பீய்ச்சிவிட்டு, போட்டதாகக் கார்டில் கையெழுத்திட்டேன். காலிக் குப்பிகளின் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டுமே. அந்த ஏழு பேரில் நானும் ஒருவன்.

"நான் போட்டுக்கல சிஸ்டர்," என்றாள் கேரல்.

"அப்ப இந்தக் கையெழுத்து?"

பயத்தில் உளறுகிறாள் என்று நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அதையும் யோசித்தேன்.

"என்னோடது. அவளுக்குப் போடல, சிங்க்குல ஊத்தினேன். மொத்தம் ஏழு பேர் சார். பேர் சொல்றேன், எழுதிக்கோங்க."

சூப்பரின்டெண்ட் பேனாவை எடுக்கவில்லை. மரியபுஷ்பம்தான் பேசினார்.

"ஒருத்திக்குப் போடலன்னா உன் தப்பு. ஏழு பேருக்குன்னா ஆஸ்பத்திரி தப்பு. அடுத்த மாசம் மறுபடியும் ஆய்வு வருது, தெரியுமில்ல?"

பத்து நிமிடத்தில் ஒரு தாள் தயாரானது. வெறும் ஊசியைக் குத்திக் கேரலை நான் ஏமாற்றினேனாம்; மற்ற ஆறு பேரைப் பற்றி ஒரு வரி இல்லை. கேரல் அதில் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு இம்யூனோகுளோபுலின் உடனே கிடைக்கும். கேரல் முழுசாகப் படித்தாள். என்னைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். அவள் இடத்தில் நானும் போட்டிருப்பேன்.

என் வேலை போனது; துணியை எடுக்க வார்டுக்குப் போனேன். சித்தையன் பின்னாலேயே வந்தான். அஷ்வினி புதிதாய்ப் பிறந்த குழந்தைகளுக்கான தடுப்பூசிகளை ட்ரேயில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீயும் போட்டுக்கோ அஷ்வினி. இன்னைக்கே. மத்தவங்ககிட்டயும் சொல்லு."

"வேலை போனதும் டாக்டர் ஆயிட்டீங்களா அண்ணா?" பக்கத்தில் நின்றவளும் சேர்ந்து சிரித்தாள். அவளும் ஏழு பேரில் ஒருத்தி.

"கார்டுல எல்லாம் சரியா இருக்கு," என்றாள் அஷ்வினி. "நீங்கதானே எழுதினீங்க?"

சித்தையன் என் கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றிக்கொண்டான். ஊழியர் வாசல் வரை கூடவே வந்தான். நான் படி இறங்கியதும் கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினான்.