இராசமலர் வெட்டிய காடு

அப்பா செத்து ஒரு வருஷம் முடிந்த ஆட்டைத் திவசத்துக்கு லண்டன் ரெய்னர்ஸ் லேனில் மண்டபம் எடுத்திருந்தான் பாலேந்திரா. ஐயர் கிரியையை முடித்துக்கொண்டு போன பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால் மைக்கைப் பிடித்தான். அவனுடைய தங்கை கமலாம்பிகை தெற்கு லண்டன் மிட்சமிலிருந்து ட்ராமும் ட்ரெயினும் மாறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. ஊரில் சண்டை ஓய்ந்து, லண்டன் சனம் மறுபடி போய்வரத் தொடங்கியிருந்த காலம்.

பாலேந்திராவுக்குப் பேச்சு நன்றாக வரும். ரோட்டும் கரண்டும் எட்டிப் பார்க்காத வன்னிக் காட்டுக்குள், அரசாங்கம் கொடுத்த காணியில் அப்பா அம்பலவாணன் தனி ஆளாக இறங்கியதைச் சொன்னான். அவர் காடு வெட்டியதையும் கிணறு தோண்டியதையும் யானைகளை விரட்டியதையும் சொல்லச் சொல்லச் சனம் தலையாட்டியது. அந்தக் காணிக்குப் பக்கத்தில் ஒரு வாசிகசாலை கட்டப்போவதாகவும், அதற்கு அப்பாவின் பெயரை வைப்பதாகவும் அறிவித்தான். கைதட்டினார்கள்.

"அம்மாவையும் மறக்கேலாது," என்றான் கடைசியில். "மத்தியானத்திலை அப்பாவுக்குச் சோறு கட்டிக்கொண்டு போய்க் குடுப்பா."

கமலாம்பிகைக்குத் தெரிந்த கதை வேறு.

அப்பா யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். காணிக்கு அவர் வந்தது சனிக்கிழமைகளில்தான். வேட்டி கசங்காமல் எல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுநாள் பஸ்ஸுக்குப் போய்விடுவார். பெரிய மரம் தறிக்கக் கூலிக்கு வந்தவர்கள் முதல் மாரியிலேயே மலேரியாவுக்குப் பயந்து ஓடிப்போனார்கள். மீதிக் காட்டை வெட்டியது அம்மா, இராசமலர். பற்றையை வெட்டிக் காயவிட்டு நெருப்பு வைத்ததும், கருகிய கட்டைகளை அலவாங்கு என்ற கனத்த இரும்புக் கம்பியால் நெம்பிக் கிளப்பியதும், அந்தச் சாம்பலில் குரக்கன் விதைத்ததும் அவள்தான். கிணற்றுக்குள் நின்று அவள் வெட்ட வெட்ட, சின்னப் பிள்ளை கமலாம்பிகை மேலே நின்று பனையோலைக் கடகத்தில் பாதி பாதியாக மண் இழுத்தாள். முழுக் கடகத்தை இழுக்க அவளுக்குப் பலமில்லை.

அந்தக் கிணறு வெட்டிய வருஷம் அம்மாவின் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்தது. காலத்துக்கு முன்பே வலி கண்டது. ஆற்றில் வெள்ளம், ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டுவண்டில் இறங்க வழியில்லை. செத்துப் பிறந்த குழந்தையைப் பாலை மரத்தடியில் தன் கையாலேயே புதைத்துவிட்டு, உடம்பு தேறுமுன்பே மண்வெட்டியை எடுத்தாள். பாலேந்திரா அப்போது யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வந்தாலும் பாம்புக்கும் உண்ணிக்கும் பயந்து கொட்டிலை விட்டு இறங்கமாட்டான்.

தென்னை காய்க்கத் தொடங்கியபோது, மகனை லண்டனுக்கு அனுப்புவதற்காக அப்பா காணியைக் கைமாற்றினார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கியவன் வேலியைப் பார்க்க வந்து நின்றபோதுதான் அவளுக்கு விஷயம் தெரியவந்தது.

கமலாம்பிகை எழுந்து போய் மைக்கைக் கேட்டாள். தங்கை நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்துப் பாலேந்திராவும் கொடுத்துவிட்டான்.

"அண்ணை சொன்னதெல்லாம் பொய்," என்றாள். "காடு வெட்டினது அம்மா. கிணறு வெட்டினதும் அம்மா. நான் பக்கத்திலை நிண்டனான். அப்பா சனிக்கிழமையிலை வந்து சாப்பிட்டிட்டுப் போனவர். அம்மா ஆருக்குச் சோறு கட்டிக்கொண்டு போனவ? அங்கை ஆர் வேலை செய்துகொண்டு நிண்டது?"

பாலேந்திரா அவள் காதருகில் குனிந்தான். "செத்த மனுசனைப் பற்றி இப்பிடியே கதைக்கிறது, தங்கச்சி?"

"அம்மாவும் செத்தவதான். அவவைப் பற்றிப் பொய் கதைக்க ஏலுமெண்டால், அவரைப் பற்றி உண்மை கதைக்க ஏலாதோ?"

அப்பாவின் பழைய சிநேகிதர் பரமேஸ்வரன் எழுந்து, சோறு ஆறுகிறது, சாப்பிட்டுவிட்டுக் கதைக்கலாம் என்றார். எல்லோரும் அதற்காகவே காத்திருந்தவர்கள்போல எழுந்தார்கள். கமலாம்பிகை சாப்பிடாமல் மண்டபத்தை விட்டு இறங்கிவிட்டாள். ட்ரெயினில் ஏறி உட்கார்ந்தாள். பேசியதற்காக அவள் வருந்தவில்லை. பாலை மரத்தடியில் கிடக்கும் குழந்தையைச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்றுதான் நெஞ்சு கொதித்தது.

சில வாரங்கள் கழித்து அண்ணன் போனில் கூப்பிட்டான். சனம் தன்னைக் கேள்வி கேட்பதாகக் குறைப்பட்டுவிட்டு, வாசிகசாலைக்கு இரண்டு பேரின் பெயரையும் போடச் சம்மதித்தான்.

"ஆரின்ரை பேர் மேலை?" என்று கேட்டாள்.

"அப்பான்ரைதான். அதுதானே முறை."

"அவர் வெட்டாத காட்டிலை அவருக்கு என்ன மேலை?"

அவன் போனை வைத்துவிட்டான்.

திறப்பு விழாப் படங்களை அவளுடைய மகள் மேனுஷாதான் கம்ப்யூட்டரில் காட்டினாள். வாசலில் பெரிய எழுத்தில் அம்பலவாணன் வாசிகசாலை என்றிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'துணைவியார் இராசமலரும் நினைவுகூரப்படுகிறார்.' அம்மம்மாவின் பெயரும் இருக்கிறதே என்று மேனுஷா சமாதானம் சொன்னாள். கமலாம்பிகைக்கு மத்தியான ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் அண்ணனோடு பேசவில்லை. அவனுடைய மகளின் கலியாணத்துக்குப் போனாள். பிள்ளைக்கு அறுகரிசி போட்டு வாழ்த்தினாள். மணவறைக்குப் பக்கத்தில் பாலேந்திரா சிரித்துக்கொண்டு கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், அவனைக் கடந்து வெளியே நடந்தாள்.