நாலாயிரமாவது மாடி

பெரியவளுக்குத் தன் வேலையில் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு. அவள் அலுவலகத்தில் செய்வது டீபக்கர். ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமைப் பாதியில் நிறுத்தி, உள்ளே எந்தப் பெட்டியில் என்ன எண் இருக்கிறது என்று காட்டும் கருவி. ஊரார் பிழையைக் கண்டுபிடிக்கும் கருவியிலேயே பிழை இருக்குமா? இருக்கவே இருக்காது என்று பத்து நாளுக்கு முன் சாப்பாட்டு மேசையில், அம்மாவை வைத்துக்கொண்டு அடித்துச் சொல்லிவிட்டாள்.

சொன்னது சொந்தத் தங்கையிடம். சின்னவளுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. கோளாறு என்று தெரிந்த நொடியே லிஃப்டை நிறுத்திவிடும் ப்ரோகிராமை ஏழு மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தாள். சோதனையில் அது நின்றதும், அக்காவின் டீபக்கரைத் திறந்து பார்த்தால் ‘இப்போதைய மாடி: 4000’ என்கிறது. சோதனை நடந்த கட்டிடத்துக்கு மொத்தமே ஐந்து மாடிதான்.

“என் ப்ரோகிராம் சரியாத்தான் இருக்கு. உங்க டீபக்கர்தான் உளறுது” என்றாள் சின்னவள்.

“ஆமா, நீ பண்ற தப்புக்கெல்லாம் எங்க தலையை உருட்டு. நாலாயிரமாவது மாடிக்குப் போனா நிலாவைத் தொடலாமே, போயிட்டு வா!”

அதோடு பேச்சு நின்றது. அம்மாதான் தூது. எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, “உப்பு வேணுமான்னு கேளும்மா”, “வேணாம்னு சொல்லும்மா” என்று பத்து நாள் ஓட்டினார்கள். அம்மாவுக்குத் தலைவலியே வந்துவிட்டது.

இன்று காலை சின்னவளிடமிருந்து ஒரு மெயில். ‘நாலு மணிக்கு மீட்டிங். என் ப்ரோகிராமைத் தூக்கிட்டு பழையதையே வைக்கப் போறாங்க. பதினோரு வரியாச் சுருக்கி அனுப்பியிருக்கேன். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாரு.’ அக்கா என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. பெரியவளுக்குச் சுருக்கென்றது.

ஓட்டினாள். 4000. அந்தப் பதினோரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். தலைகீழாக நின்றாலும் அதில் மாடி எண் மூன்றைத் தவிர வேறொன்றாக இருக்க வழியில்லை.

பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் கோந்து என்று பெயர். நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்தார்.

“அந்த நாலாயிரம் எங்கிருந்து வருது? அதை மொதல்ல பாருங்க” என்றார் கோந்து.

பார்த்தார்கள். லிஃப்ட் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்ற கணக்கு அது, நாலாயிரம் மில்லி செகண்டு, அதாவது நாலு விநாடி. டீபக்கர் கதவின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மாடி என்று சொல்லிக்கொண்டிருந்தது!

நாம் எழுதுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர், ஒவ்வொரு ப்ரோகிராமோடும் ஒரு குறிப்பு எழுதி வைக்கும்: இந்த வரி வரைக்கும் மாடி எண் இந்தப் பெட்டியில், அதற்கப்புறம் அந்தப் பெட்டியில் என்று. ப்ரோகிராமுக்குள் ஒரு வேலை இன்னொரு வேலையைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தால், கூப்பிட்ட வேலை முடிந்து திரும்பி வரப்போகும் அடுத்த வரிக்கான குறிப்பை டீபக்கர் படித்தது. பெரும்பாலும் கூப்பிட்ட வரிக்கும் அடுத்த வரிக்கும் குறிப்பு ஒன்றுதான், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் சின்னவள் கூப்பிட்டது ‘நிறுத்து’ என்ற வேலையை. அது திரும்பியே வராது. அதற்கு அடுத்த வரி வேறு சங்கதி, அங்கே குறிப்பும் வேறு.

“அடப்பாவமே! வரவே வராத ஆளுக்கு வாசல்ல காத்துக்கிட்டு இருந்திருக்கோம்” என்றாள் பெரியவள். “ஓரடி பின்னால போய், கூப்பிட்ட வரியைப் பார்க்கணும். அவ்வளவுதான்!”

“இந்தப் பகுதியை எழுதின மகராசன் யாரு?” என்று கோந்து பழைய பதிவைத் திறந்தார். திறந்தவர் திரும்பி இவளைப் பார்த்தார். இவள் திரையைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி, அவளுடைய பெயர். ஒரு நிமிஷம் அசடு வழிய உட்கார்ந்திருந்தவளுக்குச் சிரிப்புப் பீறிட்டது. கோந்துவும் சேர்ந்துகொண்டார்.

திருத்தம் ஒரே வரி: ஒன்றைக் கழி. மறுபடி ஓட்டினால், மாடி 3! பெரியவள் கை தட்டிய சத்தத்தில், அதிசயம், கோந்துவே எழுந்து நின்றுவிட்டார்.

எல்லாச் சோதனைகளும் தேறி முடிய மூன்று மணி தாண்டிவிட்டது. ஒவ்வொரு திருத்தத்தோடும் பிழையைக் கண்டுபிடித்தவர் யார் என்று எழுத வேண்டும் என்பது அந்த அலுவலகத்துச் சட்டம். பெரியவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு விறுவிறுவென்று தட்டி, திருத்திய டீபக்கரோடு சேர்த்து மூன்றே முக்காலுக்குத் தங்கைக்கு அனுப்பினாள்.

நாலரைக்குப் போன் அடித்தது.

“மூணு! பெரிய திரையில எல்லார் முன்னாடியும் மூணுன்னு காட்டிச்சு” என்றாள் சின்னவள், மூச்சுவிடாமல். “என் ப்ரோகிராம்தான் லிஃப்டுக்குள்ள போகுது!”

“போகாம பின்ன?”

“நீ எழுதினதை எங்க மேனேஜர் சத்தம் போட்டுப் படிச்சாரு. ‘கண்டுபிடித்தவர்: என் தங்கை. பத்து நாள் நம்ப மறுத்தவர்: நான். பிழையை எழுதியவரும் நானே.’ எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதையெல்லாம் எதுக்கு எழுதின?”

“உண்மைதானே” என்றாள் பெரியவள். “தப்பு என்மேலதான்டி.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“அக்கா” என்றாள் சின்னவள். “இன்னிக்கு உப்பு வேணும்னா என்கிட்டயே கேளு.”