ஜெசிகா போட்ட கையெழுத்து

புக்கரெஸ்டில் எங்கள் வேலையிடம் ஒரு குடியிருப்பின் நான்காம் மாடி. பன்னிரண்டு அறை, பன்னிரண்டு கேமரா, பன்னிரண்டு பெண்கள். கடல் தாண்டி இருக்கும் ஆண்களிடம் காசுக்குக் காதல் பேசுவார்கள், உடையும் களைவார்கள். 2001இல் இணையம் ஆமையிடம் நடை பழகிக்கொண்டிருந்தது. இங்கே ஒருத்தி சிரித்தால், அந்தச் சிரிப்பு அமெரிக்கா போய்ச் சேர்வதற்குள் அவள் சாப்பிட்டுக் கைகழுவியிருப்பாள். வாடிக்கையாளன் ஓடியே போயிருப்பான்.

நானும் ஒக்தாவியனும் அங்கே டெக்னீஷியன்கள். கம்பி இழுப்பது நான், மூளை அவன். எட்டு மாதம் மண்டையை உடைத்து ஒரு நிரல் எழுதினான். லைன் திணறினால் சுவரையும் கட்டிலையும் மங்கவிட்டு, முகத்தையும் குரலையும் மட்டும் தடையில்லாமல் அனுப்பும். அது முதலில் ஓடிய அன்றைக்குப் பூமி ஒரு நிமிடம் சுற்றாமல் நின்று பார்த்தது. நம்பாவிட்டால் போங்கள்.

எங்கள் மாடியில் ஒரு வழக்கம்: வாசலைத் தாண்டினால் சொந்தப் பெயர் கூடாது. போய்விட்ட பெண்ணின் பெயர் அடுத்து வருபவருக்கு, ஆணானாலும் சரி. மீசைக்கார ஒக்தாவியனுக்கு வாய்த்தது ஜெசிகா. நிரலை ஊருக்கெல்லாம் இலவசமாக இணையத்தில் விட்டபோதும், பழக்க தோஷத்தில் அடியில் 'ஜெசிகா' என்றே போட்டுவிட்டான்.

அவன் வேலை இன்னதென்று தெரிந்த நாளில் மகள் இலிங்கா பேச்சை நிறுத்தினாள். பதினாறு வருடம். இப்போது யாஷி நகரில் டாக்டர். மலைக்கிராமத்து நோயாளிகளைத் திரையில் பார்க்கிறாள். அந்தத் திரைக்குள் ஓடுவது அப்பன் எழுதிய நிரல்.

ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த ஒக்தாவியன் என் கையைப் பிடித்தான். "டேய் ஜெலு, அது நான் எழுதுனதுன்னு போய்ச் சொல்லுடா. ஒரே தடவை வந்து பாத்துட்டுப் போகட்டும்."

போனேன்.

"ஜெசிகாவா? என் ஆராய்ச்சியில அந்தம்மாவுக்கு நன்றியே சொல்லியிருக்கேன் மாமா."

"அந்தம்மாவுக்கு மீசை உண்டு தாயி. உங்கப்பன்தான்! எங்க மாடியில போன பொண்ணு பேரைத்தான் வந்தவனுக்கு வைப்போம்."

அவன் கைப்பட எழுதிய பழைய நோட்டை நீட்டினேன். பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்தாள். நான் விடுவேனா? "எங்க மாடி இல்லேன்னா உலகத்துல வீடியோவே கிடையாது! உன் நோயாளிங்க பாதிப்பேரு எங்க புண்ணியத்துல மூச்சு விடுறாங்க!"

"இருக்கட்டும் மாமா. அப்பாவுக்கு முன்னாடி ஜெசிகான்னு ஒரு பொண்ணு இருந்தாளே, அவ இப்ப எங்க?"

"தெரியலையே தாயி," என்றேன். அவளுடைய நிஜப் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

நோட்டை மூடி என்னிடமே கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

"என்னடா சொன்னா?" என்றான் ஒக்தாவியன், நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிக் கோட்டைக் கழற்றுவதற்குள்.

"தேம்பித் தேம்பி அழுதாடா. நோட்டை நெஞ்சோட வச்சுக்கிட்டா. ஞாயித்துக்கிழமை வர்றாளாம்."

"நெசமாவா?"

"எங்கம்மா மேல சத்தியம்."

ஞாயிறு காலை நர்ஸிடம் சொல்லிச் சவரம் செய்துகொண்டான். மகளுக்குப் பிடிக்கும் என்று என்னைக் கொசொனாக் ரொட்டி வாங்கிவர விரட்டினான். கதவைப் பார்க்கும்படி தலையணையைத் திருப்பி வைத்துக்கொண்டான். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியை நறுக்கினேன்.

"ரயிலு லேட்டாயிருக்கும்டா," என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.