சங்கிலியம்மாள் பாலில் ஒரு சொட்டு அயோடின்

பால் சங்கத் தலைவரானதிலிருந்து சுயம்புலிங்கத்தின் நடையே மாறிவிட்டது. அனுமந்தன்பட்டிக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். சங்கம் என்பது ஒரு ஓட்டுக் கொட்டகையும் சில அலுமினியக் கேன்களும்தான். அதற்கே அவர் விடியுமுன் குளித்து, கஞ்சி போட்டு விறைத்த வேட்டியில் வந்து நிற்பார். உட்கார்ந்தால் மடிப்புக் கலைந்துவிடுமாம்.

எழுபதுகளின் கடைசியில் மேலிடத்திலிருந்து சங்கத்துக்கு ஒரு அயோடின் பாட்டிலும் கண்ணாடிக் குழாய்களும் வந்தன. காயத்துக்குப் போடும் டிஞ்சரின் அதே செங்காவி நிறம். நல்ல பாலில் ஒரு சொட்டு விட்டால் லேசாக மஞ்சளிக்கும். கஞ்சியோ மாவோ கலந்திருந்தால் நீலம் பாரித்துவிடும். பாலில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது நீர்த்துத் தெரியாமலிருக்கக் கஞ்சியும் சேர்க்கிற கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். பாட்டில் கைக்கு வந்ததும் சுயம்புலிங்கத்துக்குப் போலீஸ் வேலையே கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

அந்த வேகத்தில் சுத்தத்தையும் கையிலெடுத்தார். பால் வடிகட்டும் துணி பழுப்பேறிக் கிடந்தது. வீட்டுக் கொடியில் துவைத்துக் காய்ந்த தம் பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்துக் கொண்டுவந்தார். உடுத்தும் வேட்டியையே சங்கத்துக்காகக் கொடுத்தேன் என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை வரிசையில் முதல் ஆள் சங்கிலியம்மாள். என்றைக்கும் அவள்தான் முதல். புருஷன் இல்லாதவள்; ஒற்றை எருமையை நம்பிப் பிழைப்பு. பாலை ஊற்றிவிட்டுக் களையெடுக்க ஓட வேண்டும். புதுத் துணி வழியாக இறங்கிய அவள் பாலில் கொஞ்சம் குழாயில் எடுத்துத் தலைவர் அயோடினை விட்டார். பால் நீலமாயிற்று. சாதாரண நீலமல்ல, கருநீலம்.

"கஞ்சிய ஊத்திச் சங்கத்தையே ஏமாத்த வந்தியாக்கும்? இனிமே பாலத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வராத" என்றார்.

மடியிலிருந்து கறந்தபடியே கொண்டுவந்தேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? பாலைச் சாக்கடையில் கொட்டச் சொன்னார். அவளுக்குப் பின்னால் நின்ற யாருடைய பாலும் நீலமாகவில்லை. அதற்கு மேல் சாட்சி எதற்கு? வரிசையில் நின்ற பாதிப்பேர் வீட்டுப் பால் பானைக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நல்ல சிநேகம் உண்டு. ஆனாலும் அன்றைக்கு எல்லோருக்கும் யோக்கியம் பொத்துக்கொண்டு வந்தது. மதியத்துக்குள் ஊர் அவளுக்குக் கஞ்சிக்காரி என்று பேர் வைத்துவிட்டது.

காலைப் பால் எல்லாம் இறங்கி முடிந்ததும், கலப்படப் பால் பட்ட துணி என்று அந்த வடிதுணியைத் தலைவர் அருவருப்போடு தூக்கி எறிந்தார். சாயங்காலப் பாலுக்கு வேட்டியிலிருந்து இன்னொரு துண்டை எடுத்துக் கட்டினார். சங்கிலியம்மாள் நின்ற இடத்தில் போய் நிற்க யாருக்கும் மனசில்லை. தலைவர் வீட்டுப் பாலே முதலில் இறங்கட்டும் என்று அவர் மனைவி பூமாரி வாளியோடு முன்னால் வந்தாள்.

அவள் பாலும் நீலமாயிற்று.

 சுயம்புலிங்கத்துக்குக் காது மடல் சுட்டது. தம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்துவதுதான்.

"நீயும் களவாணித்தனத்த ஆரம்பிச்சிட்டியாடி?"

பூமாரி கேன் வாயில் கட்டியிருந்த துணியின் நனையாத ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இது நான் கஞ்சி போட்ட வேட்டி. அலசாமயா கட்டுனீக?"

மிச்சமிருந்த துண்டொன்றின் மேல் அவரே அயோடினை விட்டார். விரலகலத்துக்குக் கருநீலம் படர்ந்தது. காலையில் முதல் வாளிப் பாலே துணியிலிருந்த கஞ்சியை வாங்கிக்கொண்டுவிட்டது. பின்னால் வந்தவர்கள் தப்பித்திருக்கிறார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இடுப்பில் விறைத்து நின்ற வேட்டியை அப்படியே உருவிப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது அவருக்கு.

இருட்டுமுன் சங்கிலியம்மாள் வீட்டுக்குப் போனார். எருமையை விற்கத் தரகருக்கு அவள் சொல்லி அனுப்பிவிட்டாள், காலையில் வருகிறாராம். சுயம்புலிங்கம் தெருப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, தப்பு நடந்துபோச்சு, மனசில் வைத்துக்கொள்ளாதே, காலையில் பாலைக் கொண்டுவா என்று முணுமுணுத்தார்.

"வஞ்சது அம்புட்டுப் பேரு முன்னால. மன்னாப்பு மட்டும் இங்கன வந்து காதுல சொல்றீகளாக்கும்" என்றாள் அவள்.

இரவெல்லாம் புரண்டு படுத்தார். விடிந்ததும் கசங்கின வேட்டியோடு சங்கத்துக்குப் போய், வரிசையைப் பார்த்துச் சொன்னார். சங்கிலியம்மாள் பால் சுத்தமான பால், கஞ்சி என் வேட்டியில் இருந்தது, அவளைப் பழித்தது என் தப்பு.  முதல் ஆளாக நின்ற அவள் வாளியை வாங்கக் கை நீட்டினார். இனி உனக்குச் சோதனை வேண்டாம் என்றார்.

அவள் வாளியை விடவில்லை. "மருந்த விடுங்க. விட்டு, நேத்துப் பாத்தவுக எல்லாருக்கும் காட்டுங்க."

அவள் பாலைக் குழாயில் எடுத்துச் சொட்டு விட்டார். லேசாக மஞ்சளித்தது. குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோயிலில் திருநீறு கொடுக்கிறவர் மாதிரி ஒவ்வொருவர் முன்னாலும் நின்று காட்டினார். சிலர் தலையாட்டினார்கள். சிலர் சிரிப்பை அடக்கினார்கள். எல்லாம் முடிந்தது, இனித் தலைநிமிரலாம் என்ற நினைப்போடு வரிசையின் கடைசிக்கு வந்தார்.

அங்கே பூமாரி வாளியோடு நின்றிருந்தாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவள் குழாயைப் பார்க்கவில்லை. வாளியை அவர் முன்னால் நீட்டினாள்.

"எம்பாலுக்கும் விட்டு, எல்லாருக்கும் காட்டிருங்க."