ஜெயராணி டீச்சரின் இடது கை

ஜெயராணி டீச்சரின் வலது கை சொன்னபடி கேட்டது. இடது கைதான் அடம்பிடித்தது. புதுக்கோட்டை நீச்சல் குளத்தில், பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில், பயிற்சியாளர் பிரகதீஸ்வரி தொண்டை வறளச் சொல்லிப் பார்த்துவிட்டாள். நீரை இழுத்து முடித்த கை வெளியே வந்து மறுபடி முன்னால் போகிற நேரம்தான் அதற்கு ஓய்வு. முழங்கை மேலே, விரல்கள் தொய்வாக, தன்பாட்டுக்குப் போக வேண்டும். டீச்சரின் இடது கையோ முஷ்டியை மடக்கிக்கொண்டு கோயில் கொடிமரம் போல விறைத்து எழும்பும். தண்ணீருக்குள் போக மனசே இல்லாமல் சற்று நின்றுவிட்டுத்தான் இறங்கும்.

பார்க்க நன்றாக இல்லை என்பதோடு போகிற விஷயமா அது? தோள்பட்டையில் தசைநார் கிழிய ஆரம்பித்திருந்தது. கையைத் தளர்த்தி நீந்தப் பழகுங்கள், முடியாதென்றால் இந்த மாதத்தோடு தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் போன பிறகு டீச்சருக்கு மனசு லேசாகிற ஒரே இடம் அந்தத் தண்ணீர். அதையும் விட்டுவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்வதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பிரகதீஸ்வரி விரல் நுனியால் தண்ணீரில் கோடு இழுக்கச் சொன்னாள். கட்டைவிரலால் விலாவை உரசிக்கொண்டு போகச் சொன்னாள். கரையில் நிற்கும்போது சமர்த்தாக விரிகிற விரல்கள் தண்ணீருக்குள் போனதும் மூடிக்கொண்டன. டீச்சருக்கு உள்ளுக்குள் பயம் போலிருக்கிறது என்று அந்தப் பெண் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆவூர்ப் பக்கத்துக் கண்மாயில் கவுன் போடுகிற வயதிலேயே அக்கரை தொட்டவள் அவள்.

அந்த வாரம் தங்கை ஸ்வீட்டி குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்தாள். அங்கே அவள் நர்ஸ். அக்கா நீந்துவதைப் பார்க்கிறேன் என்று கூடவே வந்து, குளத்து ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். டீச்சர் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி நிமிர்ந்தபோது ஸ்வீட்டி முகத்தைப் பொத்தியிருந்தாள். சிரிக்கிறாள் என்று நினைத்த டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிட்டே போனபோதுதான் அழுகை என்று தெரிந்தது.

பிரகதீஸ்வரி பதறிப்போய்க் கேட்க, ஸ்வீட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். ஐப்பசியில் கண்மாய் பெருகினால் மாதா கோயிலுக்குப் போகிற பாதை முழுகிவிடும். கரையைச் சுற்றிப் போனால் பாதிப் பூசை முடிந்திருக்கும். அப்பாவோ ஊருக்கே ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார், பிள்ளைகள் பிந்தி வந்தால் தோலை உரித்துவிடுவார். அதனால் அக்காளும் தங்கையும் உள்பாவாடையோடு குறுக்கே நீந்துவார்கள். பூசைக்குப் போடுகிற இரண்டு கவுனையும் சுருட்டி அக்கா இடது கையில் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். அக்கரையில் புதர் மறைவில் ஈரத்தை மாற்றிக்கொண்டு, கடைசி மணிக்கு உள்ளே ஓடிவிடுவார்கள்.

“மொதமொதல்ல நற்கருணை வாங்குறப்ப, என் புதுநன்மைக்குத் தச்ச வெள்ளைக் கவுன்கூட அந்தக் கையிலதாங்க வந்துச்சு” என்றாள் ஸ்வீட்டி. “நான் ரெண்டு கையையும் வீசிக்கிட்டு சொகமாப் போவேன். அவ ஒத்தக் கையால தண்ணியத் தள்ளிக்கிட்டு வருவா.”

டீச்சர் தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அதெல்லாம் மறந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இப்போது கஞ்சி போட்ட துணியின் வாசம்கூட வந்தது. தூரத்து மணிச் சத்தமும், பின்னால் மூச்சு வாங்க வருகிற சின்னவளின் சத்தமும் சேர்ந்து கேட்டன.

ஸ்வீட்டி தண்ணீரில் இறங்கி அக்காவின் முஷ்டியைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“கவுன் நனையலக்கா. நான் போட்டுக்கிட்டுப் பூசைக்கும் போயிட்டு வந்துட்டேன். கைய விடு.”

டீச்சர் சுவரை உதைத்துக் கிளம்பினாள். இடது கை வெளியே வந்தது. முழங்கை மடங்கி, விரல்கள் தொய்ந்து, தண்ணீரை உரசினாற்போல முன்னால் போய் இறங்கியது. பிரகதீஸ்வரி கை தட்டினாள்.

பாதிக் குளத்தில் டீச்சர் நின்றுவிட்டாள். எதையோ தவறவிட்டவள் போலத் திரும்பி, வந்த வழியெல்லாம் தண்ணீரில் தேடினாள். இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஸ்வீட்டி வந்துகொண்டிருந்தாள்.