ரிவர்ஸ் எடுக்காத வண்டி

கல்லறைக் கல் ஒன்றில் காலை ஊன்றிக்கொண்டு, புல்வெட்டும் வண்டியை இரண்டு கையாலும் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள் ஆர்டித். உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. வர மறுக்கும் பசுவைக் கொம்பைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. முன்னுக்கு நன்றாகத்தான் போகிறது. பின்னுக்குப் போகும் மிதியை அழுத்தினால் மட்டும் நத்தையாக ஊர்ந்து, சின்ன மேடு வந்தாலும் முனகிக்கொண்டு நின்றுவிடுகிறது. அவள் புல் வெட்டிப் பராமரிக்கும் பெல்லமி கல்லறைத் தோட்டத்தின் பழைய பகுதியில் கற்கள் தோளோடு தோள் உரசி நிற்பவை. ஒவ்வொரு சந்திலும் நேராக நுழைந்து, வந்த வழியே பின்னால் வந்தால்தான் உண்டு. இரண்டு வாரமாக ஒவ்வொரு சந்துக்கும் இறங்கி இழுக்கிறாள். இடது முழங்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. ஒஹாயோவில் அந்த மே மாதம் முழுக்க மழை. வெட்டிய புல் வெட்டிய கையோடு வளர்ந்தது.

ஊர்ச்சபை உறுப்பினன் ராய்ஸ் ஹோபெக் பிக்கப்பை வேலியோரம் நிறுத்திவிட்டு இறங்கினான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அறுபத்தோரு வயதிலும் அவன் அவளிடம் கெட்ட செய்தி சொல்லும்போது தொப்பியைக் கழற்றிவிடுவான். இப்போதும் கழற்றினான்.

“ஒர்க்‌ஷாப்ல இருந்து போன் வந்துச்சு ஆர்டித். கியர்பாக்ஸே போச்சாம். புதுசு மாத்துறதுக்கு வண்டியையே தூக்கிப் போடலாங்கறாங்க.”

“அவங்க கழட்டிப் பாத்தாங்களா?”

“ஓட்டிப் பாத்தாங்க.”

“ஓட்டத்தான் எனக்கும் தெரியுமே.”

ராய்ஸ் தொப்பியைச் சுழற்றினான். “நேத்து சபையில ஓட்டுப் போட்டாச்சு. இனிமே வெளிக் கம்பெனி வந்து வெட்டும். நாளைக்குக் காலைல வந்து வண்டிய ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க. நீயும் எவ்வளவு நாள்தான் இழுப்ப?”

கம்பெனியின் நிபந்தனைத் தாளை நீட்டினான். பூத்தொட்டி, விளக்கு, சின்னக் கொடி என்று கற்களைச் சுற்றி எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் அப்புறப்படுத்தப்படும். திங்கட்கிழமை நினைவு நாள். போரில் உயிர்விட்டவர்களின் தலைமாட்டில் ஊரே வந்து கொடி நடும். ஆர்டித் தாளை இரண்டு தரம் படித்தாள். பிறகு வண்டிச் சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“சாவி எங்கிட்ட இருக்கு. ஏத்தறவன் எங்கிட்ட வந்து கேக்கட்டும்.”

“சின்னப் புள்ளையாட்டம் பண்ணாத.”

“சின்னப் புள்ளையா இருந்தா உன் கால்ல மிதிச்சிருப்பேன்.”

அவன் போனதும் வண்டியை முன்னுக்கே ஓட்டித் தோட்டத்துக் கொட்டகைக்குள் விட்டாள். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, முட்டுக்கட்டை வைத்து, ஈரத் தரையில் சாக்கை விரித்துப் படுத்தாள். படுப்பதற்கே முழங்கால் ஒரு தரம் அலறியது. கோபம் அடங்கும்வரை அடியிலிருந்த அழுக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அப்புறம்தான் யோசிக்க முடிந்தது. பெல்ட் தேய்ந்திருந்தால் முன்னுக்கும் வழுக்கும். கியர்பாக்ஸ் போயிருந்தால் முன்னுக்கு மேடு ஏறாது. ரிவர்ஸ் சுவிட்ச் கோளாறு என்றால் என்ஜின் அணையும், இது அணைவதில்லை. முன்னால் போகிற வண்டிக்குப் பின்னால் வர மட்டும் என்ன தடை?

மிதியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு, கியர்பாக்ஸின் நெம்புகோலைக் கையாலேயே தள்ளிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் முழுசாகப் போனது. கம்பியை மறுபடி மாட்டி மிதியைக் கையால் அழுத்தினாள். நெம்புகோல் பின்பக்கம் ஒரு விரற்கடை போய் நின்றது. டார்ச்சை அடித்தாள். கம்பி நடுவில் வளைந்து சட்டத்தில் போய் இடித்துக்கொண்டிருந்தது.

எப்போது வளைந்தது என்பதும் உடனே தெரிந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால், புல்லுக்குள் சாய்ந்து கிடந்த எல்லைக் கல் ஒன்றின்மேல் பார்க்காமல் அவள்தான் வண்டியை ஏற்றினாள். ‘டங்’ என்றது. யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாகப் போய்விட்டாள். முகம் சூடேறியது. ஒருவேளை ராய்ஸ் சொல்வதும் சரிதானோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான். எழுந்து, கம்பியைக் கழற்றி இடுக்கியில் பூட்டி, சுத்தியலால் அடித்தாள். நிமிர்ந்தது.

மறுநாள் காலை ராய்ஸும் கம்பெனி லாரியும் வாசலுக்கு வந்தபோது அவள் பழைய பகுதியில் பாதியை முடித்திருந்தாள். ராய்ஸ் புல்லை மிதித்துக்கொண்டு வந்தான்.

“எப்படி ஓடுது?”

“கியர்பாக்ஸுக்கு ஒண்ணுமில்ல. கம்பி வளைஞ்சிருந்துச்சு. நான்தான் கல்லுல ஏத்தி வளைச்சேன். நானே நிமித்தினேன்.”

“நீ வளைச்சத நீயே சொல்ற?”

“சபையிலயும் சொல்றேன். கியர்பாக்ஸ் போச்சுன்னு நெனச்சுப் போட்ட ஓட்டுதானே? மறுபடியும் போடுங்க.”

“ஆர்டித், லாரி வந்து நிக்குது.”

“நிக்கட்டும். நெழல் இருக்கே.”

“சாவியக் குடு.”

அவள் அடுத்த சந்துக்குள் வண்டியை விட்டாள். புல் இருபுறமும் சாய்ந்தது. கடைசிக் கல் வரை போய், கத்தியை நிறுத்தி, பின்மிதியை அழுத்தினாள். கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலே பார்த்தாள். சந்து வாயில் ராய்ஸ் கையில் தாளோடு நின்றான். வண்டி அவனை நோக்கி நிதானமாகப் பின்னால் வந்தது. அவன் ஒரு எட்டு பின்வாங்கினான். வண்டி வந்துகொண்டே இருந்தது. இன்னொரு எட்டு. லாரிக்காரன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். ராய்ஸின் முதுகு வேலியில் இடித்தது. அவன் காலுக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது. வேலிக் கம்பியில் தங்கியிருந்த நேற்றைய மழை அவன் சட்டைமேல் பொலபொலவென்று கொட்டியது.